ஷிட்ஸு வாங்கும் முன் ஒரு சீப்பு வாங்குங்கள்

எங்கள் வீட்டு ஷிட்ஸு நாய்க்குப் பத்து மாதம் ஆனபோது உடம்பெல்லாம் சடை விழுந்துவிட்டது. தினமும் சீவிக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் மேலாக மட்டும். அடியில் காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் தேங்காய் நார் மாதிரி திரண்டு கிடந்தது தெரியாமல் குளிப்பாட்டித் தொலைத்தோம். தண்ணீர் பட்டதும் சிக்கு இன்னும் இறுகிப்போய், கடைசியில் மொத்தமாக மழிக்க வேண்டியதாயிற்று. குட்டி முடி போய்ப் பெரிய முடி வருகிற அந்த வயதுதான் மோசம்.

சீவுகிற முறை இதுதான். நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முடியை விலக்கித் தோல் தெரிகிற மாதிரி வகிடு எடுத்து, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல வேர் வரை வர வேண்டும். சிக்கு மாட்டினால் இழுக்காதீர்கள், துளி சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தூவி விரலால் பிரியுங்கள். கடைசியில் ஸ்டீல் சீப்பு தடங்கல் இல்லாமல் ஓடினால்தான் குளியல். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும், நாய் ஷாம்புதான், அப்புறம் டிரையரை மிதமான சூட்டில் வைத்து அடிமுடி வரை காயவைக்க வேண்டும். தினம் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்க முடியாது என்றால் முடியைக் குட்டையாகவே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் வெயில் காலம் என்று தோல் தெரிய மழிக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

திபெத்திலிருந்து வந்து சீன அரண்மனையில் மடியில் வளர்ந்த இனம் இது. பெயருக்கு அர்த்தம் சிங்கம், எடை நாலிலிருந்து ஏழு கிலோ! காவலுக்கு என்று வாங்காதீர்கள், எங்களுடையது கொரியர்காரரைப் பார்த்தால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும்.

நம் ஊரில் பெரிய கவலை வெயில். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, சப்பை மூக்குக்காரனுக்கு அதுவே கஷ்டம். ஏப்ரல், மே மாதங்களில் வாக்கிங் எல்லாம் காலை ஆறு மணிக்கே முடிந்துவிட வேண்டும், கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். பயங்கரமாக இரைக்கிறது, ஈறு சிவந்து கால் தள்ளாடுகிறது என்றால் உடனே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கண் துருத்திக்கொண்டு இருப்பதால் சுலபமாகக் கீறல் விழும். மூக்குமேல் வளர்கிற முடி கண்ணில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பீளையை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தையும் ஊற்றாதீர்கள். இந்தக் கண்ணுக்கு அவசரம் அதிகம்.

உண்ணியை இந்த முடிக்குள் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சீவும்போதே காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்த அணு குறைந்து நாய் துவண்டுவிடும். மாதாமாதம் போடும் மருந்தை எடைக்குத் தகுந்தபடி டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டில் பாட்டிமார்தான் பிரச்சினை. சாம்பார் சாதத்தில் வெங்காயம், பாயசத்தில் திராட்சை, இரண்டுமே நாய்க்கு விஷம், சாக்லேட்டும் அப்படியே. "ஒரு வாய்தானே" என்பார்கள், கேட்காதீர்கள்.

மலம், சிறுநீர் கழிக்க வெளியே போகப் பழக்குவது இந்த இனத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் தினமும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள், அங்கே கழித்ததும் ஒரு துண்டு பிஸ்கட் கொடுங்கள். எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது, அதுவரை ஹாலில் செய்தித்தாள்தான்.