சாங் மாலோ போகிறீர்களா? முதலில் கடல் நேரம் பாருங்கள்

பிரான்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரித்தானி பகுதிக்குப் போனால், ஹோட்டலுக்கு அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல். அங்குள்ள கடற்கரை ஊரான சாங் மாலோவில் பெரிய ஓதங்களின்போது கடல் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நம் நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம்! காலையில் நடந்த மணல், மதியம் தண்ணீருக்குள் இருக்கும்.

அட்டவணையில் நேரத்தோடு 20 முதல் 120 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். அது மீட்டர் கணக்கு இல்லை, ஓதம் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண். 100-ஐத் தாண்டினால் கடல் வெகுதூரம் உள்வாங்கும், அதே வேகத்தில் திரும்பியும் வரும். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். சில அட்டவணைகளில் இந்தக் கோடைக்கால நேரம் சேர்த்திருக்காது, அப்போது ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

எழுத்தாளர் ஷத்தோபிரியான் கல்லறை இருக்கும் கிராண்ட் பே தீவுக்குக் கடல் வற்றும்போது நடந்தே போகலாம். கடல் வற்றிப் பாதை வெளியே தெரிந்ததும் கிளம்புங்கள். தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டால் போகவே வேண்டாம். தீவில் மாட்டிக்கொண்டால், அடுத்த வற்று வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

இந்த ஓதம்தான் ஊருக்குச் சோறும் போடுகிறது. பக்கத்து ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966 முதல் ஓதத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள், 240 மெகாவாட் திறன். அப்புறம் கான்கால் கிராமத்துச் சிப்பிப் பண்ணைகள். கடல் வற்றும்போது போனால், சேற்றில் டிராக்டர்கள் ஓடுவதைப் பார்க்கலாம். துறைமுகத்துக் கடைகளில் சிப்பியைத் திறந்து, எலுமிச்சைத் துண்டோடு கையில் கொடுப்பார்கள். தின்றுவிட்டு ஓடுகளைக் கடற்கரையிலேயே வீசலாம், அங்கே அதுதான் வழக்கம்!