பழைய நீத்துப்பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்

பனை ஓலையில் பெட்டி, கடகம் பின்னும் பன்னவேலை பழகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. புது யோசனை வரவில்லையா? போனை வைத்துவிட்டு, குசினியில் கிடக்கும் கிழிந்த நீத்துப்பெட்டியை, அதுதான் பிட்டு அவிக்கும் கூம்பு வடிவ ஓலைப்பெட்டியை, எடுங்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஓலை இளகியதும் மெல்லப் பிரியுங்கள். எந்த ஓலை மேலே போகிறது, கூம்பின் கூர் எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்கே விளங்கும். ஒவ்வொரு மடிப்பையும் படம் எடுத்து வையுங்கள். நான் கூர் பின்னப் பழகியது இப்படித்தான்.

சரி, கூட இருந்து பின்ன ஆட்கள்? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கடகம் என்ற பெரிய ஓலைக்கூடையைப் பின்னி, விளிம்பை நாரால் பொத்தத் (தைக்கத்) தெரிந்த அம்மம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். வார்ந்த சார்வோலை (பின்னுவதற்கான இளம் பனை ஓலை) ஒரு கட்டுக் கொண்டுபோய், பின்னேரத்தில் பக்கத்தில் இருந்து பின்னுங்கள். பிழை விட்டால் "இறுக்கிப் பின்னு பிள்ளை" என்று அவரே கையைப் பிடித்துத் திருத்துவார். அந்த ஒரு பிடி எந்த வீடியோவிலும் கிடைக்காது.

அப்புறம், 1978இல் தொடங்கிய, இலங்கை அரசின் பனை அபிவிருத்திச் சபை ஓலை வேலைக்குப் பயிற்சியும் நடத்துகிறது. உங்கள் பக்கம் எப்போது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். போகும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.