குகைக்குள் சர்வே: அளவெடுப்பதும் வரைவதும்

ஒரு பாகை திசை தவறினால் 100 மீட்டரில் 1.75 மீட்டர் விலகும். ஆனால் இந்தச் சின்னப் பிழைகள் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று வந்து பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே கழிந்துபோகும். குகை வரைபடத்தைக் கெடுப்பவை வேறு: 38-ஐ 42 என்று படிப்பது, இறக்கத்துக்கு மைனஸ் போட மறப்பது, 14 மீட்டரை 4 என்று எழுதுவது. கீழே சொல்லும் முறைகளில் பாதிக்கு மேல் இத்தகைய தவறுகளைப் பிடிப்பதற்காகவே ஏற்பட்டவை.

உதாரணங்கள் மேகாலயாவிலிருந்து. காசி மொழியில் ‘கிரெம்’ என்றால் குகை. ஜைந்தியா மலையில் ஷ்னொங்ரிம் மேட்டுக்கு அடியில் இருக்கும் கிரெம் லியாத் பிராவில் மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள். பல குழுக்கள் பல ஆண்டுகளில் எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதால்தான் அது ஒரே வரைபடமாக நிற்கிறது.

போவதற்கு முன்

ஊர்த் தலைவரிடம் அனுமதி பெறுங்கள். காசி மலையில் அவர் ரங்பா ஷ்னொங், ஜைந்தியா மலையில் வாஹே ஷ்னொங். புதிய குகை வாயைக் காட்டப்போகிறவர்களும் அந்த ஊர்க்காரர்களே.

காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் இந்த மலைகளின் குகைகள் வழியாகவும் இறங்குகிறது. கூரையில் இலையும் சுள்ளியும் ஒட்டியிருந்தால் வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது என்று பொருள். ஆழக் குகைகளில் மழை மேலே பெய்து நேரம் கழித்துக் கீழே வந்து சேரும். 2018 செப்டம்பரில் அப்காசியாவின் வெரியோவ்கினா குகையில், 2,000 மீட்டருக்கும் கீழே இருந்த குழு, அடியிலிருந்து ஏறி வந்த வெள்ளத்துக்கு முன்னால் சாமான்களை விட்டுவிட்டு மேலே ஏறித் தப்பியது.

நான்கு பேருக்குக் குறையாமல் போங்கள்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் உடன் இருக்க, இருவர் வெளியே போகலாம். ஆளுக்கு மூன்று விளக்கு. எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்பதை வெளியே ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். மூச்சு வாங்கி, தலை வலித்தால் உடனே திரும்புங்கள். லைட்டர் எரிகிறதே என்று நிற்காதீர்கள்; சுடர் காட்டுவது ஆக்சிஜன் குறைவதை, கார்பன் டை ஆக்சைடு கூடுவதை அல்ல. வௌவால் எச்சம் காய்ந்து தூசியாகப் பறக்கும் இடத்தில் என்95 முகக்கவசம் வேண்டும். கயிறு தேவைப்படும் செங்குத்துக் குழி வந்தால், கயிற்றில் ஏறி இறங்கும் பயிற்சி வெளியிலேயே முடிந்திருக்க வேண்டும். அதைக் கட்டுரை படித்துக் கற்க முடியாது.

கருவிகள்

பழைய முறைக்கு சுன்டோ காம்பஸ், சாய்வுமானி, 30 மீட்டர் ஃபைபர் டேப் போதும். சாய்வுமானியின் உள்ளே இரண்டு அளவுகோல்கள் தெரியும்: ஒன்று பாகை, மற்றது சதவீதம். புதியவர்களில் பாதிப் பேர் முதல் நாள் சதவீதத்தைப் படிப்பார்கள். டேப்பின் நுனி அறுந்து ஒரு மீட்டர் குறைந்திருக்கிறதா என்று உள்ளே போகும் முன் பாருங்கள்.

பல ஆண்டுகளாகப் பரவலாகப் புழங்குவது டிஸ்டோஎக்ஸ்2. லைக்கா எக்ஸ்310 லேசர் அளவியின் உள்ளே, சுவிட்சர்லாந்தின் பீட் ஹீப் வடிவமைத்த பலகையைப் பொருத்தினால் தூரம், திசை, சாய்வு மூன்றும் ஒரே அழுத்தலில் வரும். அதை வாங்கியவுடன் நம்பிவிடக் கூடாது. அளவுத்திருத்தம் செய்ய 14 திசைகளில், ஒவ்வொன்றிலும் கருவியை நான்கு விதமாக உருட்டி வைத்து, மொத்தம் 56 முறை லேசர் அடிக்க வேண்டும். இரும்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். கான்கிரீட் கூரைக்குள் கம்பி இருக்கும், ஜீப்பின் பக்கத்திலும் ஆகாது. பேட்டரி மாற்றினால் மறுபடியும் சரிபாருங்கள்.

எந்தக் கருவியானாலும் தலைவிளக்கின் பேட்டரிப் பெட்டியும் எஃகுக் கொக்கியும் ஊசியை இழுக்கும். சோதனை எளிது: காம்பஸை ஒரு கல்லில் வைத்து, ஹெல்மெட்டை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஊசி அசையத் தொடங்கும் தூரத்தைவிடக் கிட்டே அந்தப் பொருள் வரக் கூடாது. கண்ணாடி போட்டவர்கள் ஃப்ரேமையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே

மூவர் வேலை செய்வார்கள். ஒருவர் முன்னே போய் ஸ்டேஷனை, அதாவது அளவு தொடங்கி முடியும் புள்ளியை, தேர்ந்தெடுப்பார், ஒருவர் கருவி பார்ப்பார், ஒருவர் நோட்டில் வரைவார். வேகத்தை முடிவு செய்பவர் வரைபவரே. அவர் முடிக்குமுன் அடுத்த ஸ்டேஷனுக்கு ஓடுகிற குழுவிடமிருந்து வெறும் எண்கள்தான் கிடைக்கும்.

நல்ல ஸ்டேஷன் என்பது பாறையில் துருத்தி நிற்கும் ஒரு மூக்கு. முந்தைய புள்ளியும் அடுத்த புள்ளியும் அங்கிருந்து தெரிய வேண்டும், கருவியை அதன்மேல் தலை நசுங்காமல் பிடிக்க முடிய வேண்டும். முன்னே போகிறவர் வசதியான பாறையைப் பார்ப்பார், பின்னால் வருகிறவரின் கழுத்தை நினைக்க மாட்டார். அதனால் இருவரும் இடம் மாறி வேலை செய்வது நல்லது. நகப்பூச்சில் ஒரு சிறு புள்ளி போதும், பெயின்ட் வேண்டாம். கிளைவழி பிரியும் இடத்தில், இன்று அதில் போகாவிட்டாலும், ஒரு ஸ்டேஷனை விட்டுச் செல்லுங்கள்.

காம்பஸ் என்றால் முன்னோக்கி ஒரு முறை, அடுத்த ஸ்டேஷனிலிருந்து பின்னோக்கி ஒரு முறை. முன்னே 47 என்றால் பின்னே 227 வர வேண்டும். இரண்டு பாகைக்கு மேல் வேறுபட்டால் மறுபடியும் எடுங்கள். டிஸ்டோஎக்ஸில் ஒரே கோட்டை மூன்று முறை அடித்தால், மூன்றும் ஒத்துப்போகும்போது, கருவியோடு இணைத்த செயலி அதை இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலான கோடாக ஏற்றுக்கொள்ளும். தனியாக அடித்தவை சுவர், கூரை அளவுகளாகப் போய்ச் சேரும்.

எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: “இரண்டு, நான்கு, ஏழு.” எழுதுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரொலியில் முதல் ஒலி கரைந்துவிடும், ‘ஆறு’ம் ‘நூறு’ம் ஒன்றாகக் கேட்கும். சாய்வைச் சொல்லும்போது ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்ற சொல் எண்ணுக்கு முன்னால் வர வேண்டும்.

பிரிட்டிஷ் குகை ஆய்வுச் சங்கத்தின் ஐந்தாம் தரத்துக்குக் கோணம் ஒரு பாகைக்குள்ளும், தூரம் சென்டிமீட்டரிலும், ஸ்டேஷன் இடம் 10 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். சேற்றில் மார்பு படிய ஊர்ந்துகொண்டு இதைச் செய்வது சுலபமல்ல. அத்தகைய இடத்தில் ஒரு நாளுக்கு 100 மீட்டர் கிடைத்தாலே நல்ல வேலை.

வரைதல்

நனையாத தாள், நூலில் கட்டிய மரப் பென்சில் (அழுத்து பென்சிலுக்குள் சேறு புகுந்துவிடும்), சிறு பாகைமானி. அளவு 1:500, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 5 மீட்டர். சிக்கலான இடத்துக்கு 1:200. ஸ்டேஷனை அங்கேயே, கோணம் வைத்து, தாளில் குறியுங்கள். பிறகு இருபக்கச் சுவர், கூரை உயரம், தரை ஆழம் ஆகிய நான்கையும் எழுதிச் சுவர்க் கோட்டை இழுங்கள். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து வரைந்த சுவர், குகையில் இருக்கும் சுவர் அல்ல.

மேலிருந்து பார்க்கும் படத்தோடு குறுக்குவெட்டுகளும் பக்கவாட்டு நெடுக்குப் படமும் வேண்டும். எல்லோரும் சோம்பல்படுவது குறுக்குவெட்டில்தான். வழியின் வடிவம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று போடுங்கள்: மேலே அகன்று கீழே ஒடுங்குகிறதா, பழைய ஓடைக்கு மேலே ஒரு திட்டு இருக்கிறதா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். குறியீடுகளுக்கு 1999-இல் சர்வதேச குகை ஆய்வாளர் ஒன்றியம் ஏற்ற பட்டியலையே பின்பற்றுங்கள்.

காற்று வரும் திசையை அம்புக்குறியோடு, தேதியும் போட்டு எழுதுங்கள். குறுகிய பிளவிலிருந்து காற்று அடித்தால் அதற்கு அப்பால் இடம் இருக்கிறது. போகாமல் விட்ட ஒவ்வொரு வழிக்கும் கேள்விக்குறி போட்டு, ‘நடக்கலாம்’, ‘ஊர வேண்டும்’, ‘கயிறு தேவை’ என்று காரணத்தையும் குறியுங்கள். அளக்காமல் முன்னே ஓடிப் பார்த்துவிட்டு வருவதை அனுபவமுள்ள குழுக்கள் அனுமதிப்பதில்லை. பார்த்து முடித்த இடத்தைத் திரும்ப வந்து அளக்க யாருக்கும் மனம் வராது.

வெளியே வந்த பின்

அன்றிரவே எண்களைக் கணினியில் ஏற்றுங்கள். குகை சர்வே மென்பொருள்களான சர்வெக்ஸ், தேரியன் இரண்டும் இலவசம். ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகப் பழைய ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தால் அது வளையம், அந்தப் புள்ளி எவ்வளவு விலகி விழுகிறது என்பதே உங்கள் வேலைக்கு மதிப்பெண். 200 மீட்டர் வளையத்தில் இரண்டு மீட்டருக்குள் என்றால் ஏற்கலாம். அதற்கு மேல் என்றால், பிழையைத் தேடிப் பிடிக்காமல், அந்த விலகலை எல்லாக் கோடுகளுக்கும் பகிர்ந்தளிக்க மென்பொருளை விடாதீர்கள். அது ஒரு பெருந்தவறை எடுத்து நல்ல கோடுகள் அனைத்திலும் பூசிவிடும்.

விலகலின் திசையே துப்புத் தரும். டேப் தவறானால் விலகல் அந்தக் கோட்டுக்கு இணையாக விழும். காம்பஸ் தவறானால் ஏறக்குறைய செங்குத்தாக விழும். முன்னும் பின்னும் மாறியிருந்தால் கோட்டின் நீளத்தைப்போல் இருமடங்கு விலகும். தரையளவில் சரியாகப் பொருந்தி, உயரத்தில் மட்டும் 6.2 மீட்டர் இடிக்கிறதா? அதில் பாதி, 3.1 மீட்டர் ஏறுகிற கோட்டைத் தேடுங்கள். 15 மீட்டர் நீளமும் 12 பாகைச் சாய்வும் உள்ள கோடு ஒன்று இருந்தால் அதன் பிளஸ், மைனஸ் குறிதான் புரண்டிருக்கிறது.

மௌசின்ராம் பக்கத்து கிரெம் புரி 2016-இல் கண்டறியப்பட்டு, 2018-இல் 24.5 கிலோமீட்டர் என்று அளக்கப்பட்ட மணற்கல் குகை. வழிகள் வலைபோல் பின்னிக் கிடக்கும் அத்தகைய இடத்தில் வளையங்கள் ஏராளம், அதனால் தவறுகள் சீக்கிரம் பிடிபடும். ஒற்றை வழியாக நீளும் ஓடைக் குகையில் வளையமே இருக்காது. அங்கே பின்னோக்கிய ரீடிங் ஒன்றே காவல்.

குகை வாயின் இருப்பிடத்தை ஜிபிஎஸ்ஸில் எடுக்கும்போது மரமும் பாறையும் மறைத்தால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். வெட்டவெளியில் எடுத்து, அங்கிருந்து வாய் வரை ஸ்டேஷன் போட்டு அளந்து வாருங்கள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் சேறோடு அப்படியே படம் பிடித்து, தேதி, குழுவினர் பெயர், கருவி எண் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். கருவி எண்ணை விடாதீர்கள். ஒரு கருவி மூன்று பாகை தள்ளிக் காட்டியது பின்னொரு நாள் தெரியவந்தால், அது அளந்த நாட்களை மட்டும் தேடித் திருத்திக்கொள்ளலாம்.