சண்டிகர் நாற்காலியை நகலெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், பக்கவாட்டில் பார்த்தால் கவராயத்தை விரித்து வைத்தது போன்ற கால்கள். பெயர் தெரியாவிட்டாலும் இந்த நாற்காலியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1950களில் சண்டிகர் நகரம் எழும்பியபோது அங்கிருந்த அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்குமாகச் செய்யப்பட்டது. நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கார்புசியேயின் உறவினரான பியர் ஜான்னரே இதன் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். இன்று இதன் நகல்களை எத்தனையோ பட்டறைகள் செய்கின்றன. நகலெடுப்பதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். என்ன சொல்லி விற்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

“சட்டம் தடுக்கவில்லையே” என்பதோடு யோசனையை நிறுத்திவிடுவது முதல் தவறு. இந்தியாவில் வடிவமைப்பைப் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. பதிவு செய்யக்கூடிய வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமையும் போய்விடும். பிரிட்டனில் கதை வேறு. பெருமளவில் உற்பத்தியான கலைப்படைப்புகளுக்கு 25 ஆண்டு என்றிருந்ததை 2016-ல் மாற்றி, படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை நீட்டிவிட்டார்கள். ஜான்னரே இறந்தது 1967-ல். ஆக, இங்கே தயக்கமில்லாமல் விற்கும் நாற்காலி ஏற்றுமதியாகும்போது வம்பில் மாட்டலாம். கடல் தாண்டினால் மாறிவிடும் ஒன்றை வைத்து நியாயத்தை எப்படி அளப்பது?

எல்லா நகலையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் 1956-ஆம் ஆண்டு சாய்வு நாற்காலியை ஹெர்மன் மில்லர் நிறுவனம் இன்றும் செய்கிறது. டென்மார்க் வடிவமைப்பாளர் வெக்னரின் ஒய் நாற்காலியை 1950 முதல் கார்ல் ஹான்சன் நிறுவனம் செய்துவருகிறது. அதன் இருக்கை ஒன்றைப் பின்னவே சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு வேண்டும். அவற்றைப் பாதி விலைக்கு நகலெடுத்து அதே பெயரில் விற்றால், இன்று வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கூலியில் கை வைக்கிறோம். சண்டிகர் நாற்காலிக்கு அப்படி இடைவிடாமல் செய்துவந்த ஒரே தயாரிப்பாளர் கிடையாது. பல பட்டறைகளில் கையால் செய்தவை என்பதால் அசலிலேயே ஒன்றுக்கொன்று அளவு கொஞ்சம் மாறும்.

அதனால்தான் விலைச்சீட்டில் ஜான்னரே பெயரை மட்டும் போடுவது எனக்கு உறுத்துகிறது. சண்டிகரில் அவரோடு வேலை செய்த குழுவில் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் இருந்தார்கள். மரம் இழைத்த தச்சர்கள், பிரம்பு பின்னியவர்கள் பெயர் பெரும்பாலும் எங்குமே இல்லை. “ஜான்னரேயும் சண்டிகர் குழுவினரும்” என்று எழுத ஒரு வரி கூடுதலாகாது.

எல்லாவற்றிலும் மோசமானது, புதிய நாற்காலியைப் பழையதாக்குவது. இந்த நாற்காலிகள் ஒருகாலத்தில் அலுவலகங்களின் மூலையில் உடைந்த சாமான்களாகக் குவிந்து கிடந்தன. கழித்துக்கட்டிய பொருளாக ஏலம் விட்டதை வியாபாரிகள் மலிவாக வாங்கி வெளிநாடு கொண்டுபோக, அங்கே ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் விலை போனது. 2011-ல் உள்துறை அமைச்சகம் இந்தப் பாரம்பரியப் பொருள்களை விற்கவும் வெளியே அனுப்பவும் கூடாது என்று உத்தரவிட்டது. அதன் பிறகும் அசலுக்கு இருக்கும் மவுசு, பொய் அசலை உண்டாக்குகிறது.

ஒரு கடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். அசல் நாற்காலிகளில் எந்த அலுவலகத்துச் சொத்து என்று பெயின்ட்டில் எழுத்தும் எண்ணும் போட்டிருப்பார்கள். அந்தக் கடை நாற்காலியின் முதுகுச் சட்டத்திலும் அப்படி ஒரு எண் இருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன். பெயின்ட் சுருண்டு வந்தது, அடியில் புத்தம் புது மரம். கால் நுனியில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. வருடக்கணக்காகத் தரையில் இழுபட்ட கால் அப்படித் தேயாது. செய்த ஆசாரியின் கை நல்ல கை. பொருத்துகளில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை. அந்த வேலையை அவருடையது என்று சொல்லாமல் ஒரு பொய் எண்ணுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் மரம். வேறு மரத்துக்குத் தேக்கு நிறம் ஏற்றித் தேக்கு என்பது, பிளாஸ்டிக் பின்னலைப் பிரம்பு என்பது, இதெல்லாம் நேரடி ஏமாற்று. வாங்குபவர்களும் கேட்க வேண்டும்: யார் செய்தது, என்ன மரம், எந்த வருடம்? பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருக்கைச் சட்டத்தின் அடிப்பக்கம், கையால் தடவினாலே தெரியும்படி பட்டறையின் பெயரையும் செய்த வருடத்தையும் சூட்டுக்கோலால் பதித்துவிடுங்கள். தச்சரும் பின்னியவரும் சம்மதித்தால் அவர்கள் பெயரையும். விலைச்சீட்டு கிழிந்துவிடும், மரத்தில் சுட்டது நாற்காலி உள்ளவரை இருக்கும்.