அப்பாவையும் அம்மாவையும் அமெரிக்காவுக்குக் கூப்பிடுமுன் வாசலில் நிற்பது எந்த பஸ் என்று பாருங்கள்

வேலூர்க்காரர்களுக்கு பஸ்ஸைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காட்பாடியில் இறங்கினால் ஒண்ணாம் நம்பரோ ரெண்டாம் நம்பரோ எது முதலில் வருதோ அதில் ஏறுவோம், கூட்டமாக இருந்தால் ஷேர் ஆட்டோ, அம்மாவுக்கு முட்டி வலி என்றால் ஆட்டோவை வீட்டு வாசலுக்கே வரச் சொல்லுவோம். அமெரிக்கா வந்து ஒரு வாரத்தில் இந்தப் பழக்கமெல்லாம் செல்லாது என்று தெரிந்துவிடும். கையைக் காட்டினால் நிற்க மாட்டான், நடத்துநர் கிடையாது, நோட்டை நீட்டினால் பாக்கி சில்லறை வராது. ஊர் தாண்டினால் கம்பெனியே மாறும். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் மட்டும் 20க்கும் மேற்பட்ட பஸ், ரயில் நிறுவனங்கள், நல்லவேளையாக அநேகமாக எல்லாவற்றுக்கும் கிளிப்பர் என்ற ஒரே கட்டண கார்டு. உங்கள் ஊரில் என்ன கார்டோ அதை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

பெரியவர்கள் உடன் இருந்தால் இரண்டு விஷயம். 65 வயது தாண்டியவர்களிடம் கூட்டம் இல்லாத நேரத்தில் பாதிக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது, அமெரிக்க மத்திய அரசிடம் பணம் வாங்கி நடத்தும் சேவைகளுக்கு இது விதி. இன்னொன்று, பஸ் படி ஏற முடியவில்லை என்றால் டிரைவரிடம் சாய்தளம் போடச் சொல்லலாம். சக்கர நாற்காலி இருந்தால்தான் என்று இல்லை, நடந்து வருகிறவரும் கேட்கலாம். நம் ஆட்கள் கூச்சப்பட்டு கேட்பதில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிறார்கள்.

அப்புறம் பாராட்ரான்ஸிட். முன்பதிவு செய்தால் சின்ன வேன் வந்து கூட்டிப்போகும், வழியில் இன்னும் இரண்டு பேரை ஏற்றி இறக்கும், அரசு நடத்தும் ஷேர் ஆட்டோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990ல் வந்த மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்படி, சாதாரண பஸ் ஓடும் ஊரில் அந்த பஸ்ஸில் போக முடியாதவர்களுக்கு இதைத் தந்தே ஆக வேண்டும். கட்டணம் பஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது, உதவிக்கு வருகிற ஆளுக்கு இலவசம். முந்தின நாள் ஆபீஸ் நேரம் முடிவதற்குள் போன் போட்டால் போதும். கோயிலுக்கா ஆஸ்பத்திரிக்கா என்று பார்த்து முன்னுரிமை கொடுக்கவும் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் நண்பன் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

குடியாத்தத்துக்காரன். பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்து நடக்கிற அம்மாவை அழைத்து வருவதற்காகவே பஸ் ஸ்டாப் எதிரில் வீடு தேடினான். வீடு காட்டின ஏஜென்ட், ஜன்னலைத் திறந்து காலையில் வரிசையாக நிற்கிற பஸ்களைக் காட்டி, வாசலிலேயே போக்குவரத்து என்று வாடகையில் கொஞ்சம் ஏற்றியும் வாங்கிவிட்டார். ஒரு வருட ஒப்பந்தம். அம்மா வந்த பிறகு வேனுக்குப் போன் போட்டால், உங்கள் முகவரி எங்கள் எல்லையில் இல்லை என்கிறார்கள். எதிரில் பஸ் நிற்கிறதே என்று இவன் கத்தியிருக்கிறான். அந்த பஸ் காலையில் ஆபீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு ஓடி சாயங்காலம் திரும்புகிற கம்யூட்டர் பஸ். அதற்கு பாராட்ரான்ஸிட் தர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. புறநகர் ரயிலுக்கும் அப்படியே. நாள் முழுக்க ஓடுகிற சாதாரண பஸ் ரூட்டிலிருந்து முக்கால் மைலுக்குள், அதாவது ஏறக்குறைய 1.2 கிலோமீட்டருக்குள், நீங்கள் கிளம்பும் இடமும் போகும் இடமும் இரண்டுமே இருக்க வேண்டும்.

நேரமும் அப்படித்தான். அந்த ரூட்டில் ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லையா, ஞாயிற்றுக்கிழமை வேனும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு பஸ் நின்றால் வேனும் நிற்கும். கோயிலில் விசேஷமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் வைக்கிற ஊரில் இது எவ்வளவு எரிச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் வீடு பார்க்கும்போது ஸ்டாப்பைப் பார்த்து மயங்காதீர்கள், ரூட் நம்பரைக் குறித்துக்கொண்டு அதன் ஞாயிறு அட்டவணையைப் பாருங்கள், கையெழுத்துப் போடும் முன் பாராட்ரான்ஸிட் ஆபீசுக்கே போன் போட்டு இந்த முகவரி உள்ளே வருமா என்று கேளுங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள், அவருக்கு அந்த வேன் இருப்பதே தெரியாது. பக்கத்து மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் எல்லையில் ஒரு வேனிலிருந்து இறங்கி இன்னொரு நிறுவனத்தின் வேனில் ஏற வேண்டி வரலாம், அதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

தகுதி வாங்குவதில் நம் பெரியவர்களே எதிரி. வயதுக்காகக் கொடுப்பதில்லை, நோயின் பேருக்காகவும் இல்லை, சாதாரண பஸ்ஸில் தனியாகப் போக முடியுமா என்பதுதான் கேள்வி. நண்பனின் அம்மா நேர்காணலில் நிமிர்ந்து உட்கார்ந்து, 'எனக்கு என்னப்பா, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து நடந்தே போவேன்' என்று சொல்ல, இவன் மொழிபெயர்க்கத் தெரியாமல் விழித்தான். அவர் நடந்தது பத்து வருடத்துக்கு முன்னால். ஒரு நாள் முன்பே உட்காரவைத்து, மோசமான நாளில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும்படி சொல்லிவையுங்கள். சி.எம்.சி. டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் கொண்டு வாருங்கள், ஆங்கிலத்திலேயே இருப்பதால் இங்கே அப்படியே நீட்டலாம். விண்ணப்பம் முழுமையாகக் கொடுத்து 21 நாளில் முடிவு சொல்லவில்லை என்றால், சொல்லும் வரை வேனில் போகலாம். சுற்றிப்பார்க்க வந்த பெற்றோருக்கும் வருடத்தில் 21 நாள் விருந்தாளியாகப் போக உரிமை உண்டு, அதற்கு மேல் என்றால் முறைப்படி விண்ணப்பம்தான்.

வேன் வருவதற்குப் பெரும்பாலும் அரை மணி நேர இடைவெளி சொல்வார்கள். அது தொடங்கும்போதே செருப்பு மாட்டிக் கீழே நிற்க வேண்டும். வந்த பிறகு ஐந்து நிமிடம்தான் நிற்பான், போய்விட்டால் வராதவர் என்று கணக்கில் எழுதுவான், அது பல தடவை சேர்ந்தால் கொஞ்ச நாளைக்கு சேவையை நிறுத்திவிடுவார்கள். போகவில்லை என்றால் போன் போட்டு ரத்து செய்யுங்கள். வேன் தாமதமாக வந்து அம்மா ஏறவில்லை என்றால் அது உங்கள் கணக்கில் சேராது, அப்படி எழுதியிருந்தால் விடாமல் சண்டை போடுங்கள்.