பாக்டீரியாவின் மேற்பரப்பு மாற்றத்துக்கான மரபணுக் காரணத்தைக் கண்டறிதல்

நேற்றுவரை பாலிமிக்சின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கு மடிந்துகொண்டிருந்த பாக்டீரியா வளர்ப்பு இன்று பிழைத்துக்கொண்டால், அல்லது ஒரே தட்டில் இருவகைக் காலனிகள் தோன்றினால், முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்த அனுப்பிவிடுவதே பலரின் வழக்கம். அதற்கு முன், மாற்றம் எல்லாச் செல்களிலும் ஒருசேர நிகழ்கிறதா, சிலவற்றில் மட்டுமா, பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பது நல்லது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மாறிய காலனி ஒன்றை எடுத்து வளர்த்து, நீர்த்து, மீண்டும் தட்டில் பரப்பி எண்ணுங்கள். ஆயிரத்திலோ பத்தாயிரத்திலோ ஒன்று பழைய வடிவுக்குத் திரும்பினால் அது நிலைமாற்றமாக, அதாவது ஒரு பண்பு மீளக்கூடிய வகையில் இயங்குவதும் அணைவதுமாக மாறும் நிகழ்வாக, இருக்கக்கூடும். சாதாரணத் திடீர்மாற்றம் இவ்வளவு அடிக்கடி நிகழ்வதில்லை.

எல்லாச் செல்களும் ஒருசேர மாறினால் சூழலைச் சந்தேகியுங்கள். சால்மோனெல்லாவில் மக்னீசியம் குறையும்போதோ அமிலத்தன்மை கூடும்போதோ ஃபோக்யூ என்ற உணரி, ஃபோபி என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டுகிறது. அது ஒருபுறம் வெளிச்சவ்வில் உள்ள லிப்பிட் ஏ மூலக்கூறில் பால்மிட்டேட் என்ற கொழுப்பு அமிலத்தைச் சேர்க்கும் பேக்பி மரபணுவை இயக்குகிறது. மறுபுறம் பிஎம்ஆர்டி என்ற புரதத்தின் வழியாக, கட்டுப்பாட்டுப் புரதமும் உணரியும் கொண்ட இரண்டாவது சோடியான பிஎம்ஆர்ஏ-பிஎம்ஆர்பியையும் எழுப்பிவிடுகிறது. அதன் விளைவாக லிப்பிட் ஏ மூலக்கூறில் அமினோஅராபினோஸும் பாஸ்போஎத்தனாலமைனும் சேர்ந்து, எதிர்மின்னூட்டம் குறைந்து, பாலிமிக்சின் ஒட்டுவதும் குறைகிறது. சோதிக்க, 10 மைக்ரோமோலார் மக்னீசியத்திலும் 10 மில்லிமோலார் மக்னீசியத்திலும் தனித்தனியே வளர்த்து ஒப்பிடலாம். ஆனால் மக்னீசியமே பாலிமிக்சினுடன் போட்டியிட்டு மேற்பரப்பில் அமர்ந்துகொள்ளும் என்பதால், இருவகைச் செல்களையும் கழுவி, ஒரே ஊடகத்தில் வைத்துத்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும். இதை மறந்து பெறும் முடிவு எதையும் நிரூபிக்காது. நிறை நிறமாலையில் லிப்பிட் ஏ 131 டால்டன் கூடியிருந்தால் அமினோஅராபினோஸ், 123 கூடினால் பாஸ்போஎத்தனாலமைன், 238 கூடினால் பால்மிட்டேட் என்று கொள்ளலாம்.

நிலைமாற்றம் என்று தெரிந்தால் அடுத்து அதன் பொறிமுறையைத் தேட வேண்டும். ஈ. கோலியின் மேற்பரப்பில் ஒட்டுவதற்கு உதவும் மயிரிழைகளான முதல்வகை ஃபிம்ப்ரியாவுக்கு, மரபணு வாசிப்பைத் தொடங்கும் ஊக்கியைத் தாங்கிய 314 காரச்சோடித் துண்டு ஒன்று தலைகீழாகப் புரள்கிறது. ஃபிம்பி நொதி இருதிசையிலும் புரட்டும், ஃபிம்இ பெரும்பாலும் அணைக்கும் திசையில் மட்டுமே புரட்டும். அந்தப் பகுதியை பிசிஆரில் பெருக்கி, துண்டின் நடுவிலன்றி ஓரமாக வெட்டும் நொதியால் வெட்டினால், கிடைக்கும் நீளங்கள் திசையைச் சொல்லிவிடும். நைசீரியா பாக்டீரியாவின் ஓபா என்ற மேற்பரப்புப் புரத மரபணுக்களில் ஐந்தெழுத்துத் தொடர் ஒன்று கூடுவதும் குறைவதும் மரபணுவை மும்மூன்று எழுத்தாக வாசிக்கும் படிப்புச்சட்டத்தை நகர்த்திவிடும். அங்கே தொடர்களை எண்ணினால் போதும். ஈ. கோலியின் இன்னொரு வகையான பாப் ஃபிம்ப்ரியாவின் கதை வேறு: டாம் நொதி டி.என்.ஏவில் எந்த இடத்தில் மெத்தில் குழுவை இடுகிறது என்பதே நிலையைத் தீர்மானிக்கிறது, ஆகவே சாதாரண வரிசைப்படுத்தல் ஒன்றையும் காட்டாது.

மாற்றம் திரும்பவே இல்லையெனில், பிஎம்ஆர்பியில் திடீர்மாற்றம் உள்ளதா என்று பாருங்கள். 2015இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எம்சிஆர்-1 போன்ற, பாலிமிக்சின் எதிர்ப்பைத் தந்து பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டி.என்.ஏ வளையத்தில்) பயணிக்கும் மரபணு வந்து சேர்ந்துள்ளதா என்றும் தேடுங்கள். வரிசைப்படுத்தலுக்கு உரிய இடம் இதுவே.

ஐயத்துக்குரிய மரபணுவை நீக்கி, பண்பு மறைவதைக் கண்டபின், அதே மரபணுவைத் திருப்பிச் சேர்த்துப் பண்பு மீள்கிறதா என்று பார்க்காமல் முடிவெழுதக் கூடாது. திருப்பிச் சேர்ப்பதைப் பல பிரதிகள் கொண்ட பிளாஸ்மிடில் அல்லாமல் குரோமோசோமில் ஒற்றைப் பிரதியாகச் செய்யுங்கள்; கட்டுப்பாட்டுப் புரதம் அளவுமீறினால் தூண்டுதலே இல்லாமலும் மேற்பரப்பு மாறிவிடக்கூடும்.