இங்கிலாந்தில் மாணவர் வீடு: பில் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பரும் ஜனவரியும் வந்தால் கோவென்ட்ரியில் தமிழ்ப் பேச்சு அதிகமாகக் காதில் விழும். கோவென்ட்ரி, வாரிக் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் இருப்பதால் புதிதாக வரும் பிள்ளைகள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஸ்டோக், ஹில்ஃபீல்ட்ஸ், ஏர்ல்ஸ்டன் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்பார்கள். நான் மாணவியாக வந்த காலத்தில் எங்கள் வீட்டுப் பணம் எங்கெல்லாம் ஓடியதோ, அதே இடங்களில்தான் இவர்கள் பணமும் ஓடுகிறது. ஊரில் கடன் வாங்கி வந்த பணம் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வாடகையைத் தேதி தவறாமல் கட்டுங்கள், வெளியே போகும்போது விளக்கை அணையுங்கள் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்கே தெரியும். கீழே உள்ள விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்தில் சில மாறும்.

சாவி வாங்கிய அன்று மீட்டரைப் படம் எடுக்காமல் விடுவது

வருடா வருடம் சொல்லியும் நடக்கிற தவறு இது. இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

ஏன் நம் பிள்ளைகள் இதில் சிக்குகிறார்கள் என்று யோசித்தால் காரணம் புரியும். நம் ஊரில் ஈ.பி. இணைப்பு வீட்டோடு இருக்கும், பெரும்பாலும் ஹவுஸ் ஓனர் பெயரில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ரீடிங் எடுத்துவிட்டுப் போவார். குடித்தனம் மாறினாலும் இணைப்பு எண் மாறாது. சமையலுக்கு சிலிண்டர், தீர்ந்தால் புக் செய்வோம். மீட்டரை நாம் போய்ப் பார்க்க வேண்டும் என்ற பழக்கமே நமக்கு இல்லை.

இங்கே கணக்கு ஆளோடு ஒட்டியது. வாடகை ஒப்பந்தம் தொடங்கும் நாளிலிருந்து, அந்த வீட்டுக்கு ஏற்கெனவே எந்தக் கம்பெனி மின்சாரமும் எரிவாயுவும் தருகிறதோ அதன் வாடிக்கையாளர் நீங்கள். எதிலும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியதில்லை. கம்பெனிக்கு உங்கள் பெயர் தெரியாததால் 'குடியிருப்பவருக்கு' என்று மட்டும் போட்டுக் கடிதம் வரும். நம் பிள்ளைகள் அதை விளம்பரம் என்று நினைத்து வாசல் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.

அந்தக் கம்பெனி உங்கள் கணக்கை எந்த எண்ணிலிருந்து தொடங்கும்? நீங்கள் ரீடிங் கொடுத்தால் அதிலிருந்து. கொடுக்காவிட்டால் அதுவே உத்தேசமாக ஓர் எண்ணைப் போடும். உங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் ரீடிங் கொடுக்காமல் போயிருந்தால் அவர்களுடைய கடைசி எண்ணும் உத்தேசம்தான். அந்த உத்தேசம் உண்மையைவிடக் குறைவாக இருந்தால், நடுவில் இருக்கும் யூனிட் எல்லாம் உங்கள் தலையில் விழும். ஜூலை, ஆகஸ்டில் வீடு காலியாக இருந்தபோது பெயின்ட் அடித்தவர்கள் பயன்படுத்திய மின்சாரமும் அதில் சேரும்.

ஃபார் காஸ்ஃபோர்டு தெருவுக்குப் பக்கத்தில் நான்கு பையன்கள் இருந்தார்கள். ஜனவரியில் ஒருநாள் போன். "அக்கா, நாலு மாசத்துக்கு ஆயிரத்து நூறு பவுண்டு போட்டிருக்காங்க. நாங்க ஹீட்டிங்கே சரியா போடல." போய்ப் பார்த்தேன். நான்கு பேரும் ஜாக்கெட்டோடுதான் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். பில்லை விரித்தால் தொடக்க ரீடிங் பக்கத்தில் 'உத்தேசம்' என்று இருந்தது, மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும். வீட்டுக்கு வந்த அன்று மீட்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மீட்டர் எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை.

மின்சார மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில், பழைய வாக்குவம் கிளீனருக்குப் பின்னால் இருந்தது. எரிவாயு மீட்டர் வீட்டுக்குள்ளேயே இல்லை. வெளிச்சுவரில் பதித்த வெள்ளை பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. அதைத் திறக்க முக்கோண ஓட்டை உள்ள ஒரு சின்ன சாவி வேண்டும். அந்தச் சாவி சமையலறை டிராயரில் நான்கு மாதமாகக் கிடந்திருக்கிறது. எதற்கு என்று தெரியாமல் வைத்திருந்தார்கள்.

அவர்களைக் கொஞ்சம் காப்பாற்றியது வீட்டை வாடகைக்கு விட்ட லெட்டிங் ஏஜென்ட் முதல் வாரம் மின்னஞ்சலில் அனுப்பிய, வீட்டின் நிலையைப் பதியும் இன்வென்டரி அறிக்கை. யாரும் திறந்தே பார்க்கவில்லை. அதில் சுவர்க் கறை, மெத்தை, அடுப்பு என்று வரிசையாகப் படங்கள். நடுவே மின்சார மீட்டரின் படம், தேதியோடு. அதை அனுப்பியதும் மின்சாரக் கணக்கைத் திருத்திவிட்டார்கள். எரிவாயு மீட்டரை ஏஜென்ட் படம் எடுக்கவில்லை; பெட்டியைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். அந்தத் தொகைக்கு எந்தச் சான்றும் கிடையாது. பல வாரம் போனில் காத்திருந்து, கடைசியில் தவணையில் கட்டினார்கள். யாரோ எரித்த வாயுவுக்கு, குளிரில் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பணம் கட்டினார்கள். சாவி வாங்கிய அன்று இரண்டு படம் எடுத்திருந்தால் போதும். அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மீட்டரில் ஓடும் எண்ணும், மீட்டரின் வரிசை எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். இரண்டாவது ஏன் என்றால், ஒரே வீட்டை மேல்வீடு கீழ்வீடாகப் பிரித்த இடங்களில் மீட்டர் மாறிப் போவது உண்டு. நீங்கள் மாதக்கணக்கில் பக்கத்து வீட்டுக்காரர் பில்லைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பில்லில் உள்ள வரிசை எண்ணும் படத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று முதல் பில்லிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். கறுப்பு எண்களை மட்டும் எழுதுங்கள். சிவப்பில் இருப்பதும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் வேண்டாம். இரவுக்குத் தனிக் கட்டணம் உள்ள மீட்டரில் இரண்டு ரீடிங் இருக்கும், இரண்டையும் எடுங்கள். படத்தை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி பதிவாகிவிடும். அப்புறம் அதே நாளில் கம்பெனிக்கு ரீடிங்கைக் கொடுங்கள்.

எரிவாயுவில் இன்னொன்று கவனிக்க வேண்டும். பழைய மீட்டர்கள் கன அடியில் அளக்கும், பெரும்பாலும் நான்கு இலக்கம். புதியவை கன மீட்டரில், ஐந்து இலக்கம். பழைய மீட்டரின் ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். கன மீட்டரில் ஓடுவதைக் கம்பெனிப் பதிவேட்டில் கன அடி என்று போட்டுவிட்டால் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். ஒரு கன மீட்டர் எரிவாயு, பில்லில் விலை போடும் அளவான கிலோவாட்-மணியில் சுமார் 11. பில்லில் அதைவிடப் பல மடங்கு காட்டினால் உடனே கேளுங்கள்.

'ஸ்மார்ட் மீட்டர்தானே, ரீடிங் தானாகக் கம்பெனிக்குப் போய்விடும்' என்பார்கள். சிக்னல் கிடைக்காத ஸ்மார்ட் மீட்டர்களும், கம்பெனி மாறியதும் தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டவையும் நிறைய உண்டு. அதையும் படம் எடுங்கள்.

ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. கம்பெனியின் தவறால் பில் வராமல் இருந்திருந்தால், 12 மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்கு அவர்கள் பணம் கேட்க முடியாது. எரிசக்தித் துறை ஒழுங்காணையமான ஆஃப்ஜெமின் விதி இது. ஆனால் கடிதங்களைப் பிரிக்காமல், ரீடிங் எடுக்க விடாமல் நீங்களே இருந்தால் அந்த விதி உதவாது.

எல்லா பில்லையும் ஒருவர் பெயரில் போடுவது

முதலில் வந்தவன், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவன், பாவம், அவன் பெயரில்தான் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் இருக்கும். மற்றவர்கள் மாதா மாதம் அவனுக்கு அனுப்புவதாகப் பேச்சு. மார்ச் வரைக்கும் சரியாகப் போகும். அப்புறம் ஒருவர் ஊருக்குப் போய்விடுவார், இன்னொருவர் லண்டனில் வேலை கிடைத்துக் கிளம்பிவிடுவார். கம்பெனி கேட்பது பெயர் போட்டவரிடம் மட்டும்தான். கட்டாவிட்டால் கெடுவது அவருடைய கிரெடிட் பதிவு, அதாவது கடனையும் பில்லையும் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்ற பதிவு. படிப்பு முடிந்து இங்கேயே வேலை பார்க்க நினைப்பவருக்கு போன் ஒப்பந்தத்திலிருந்து கார் கடன் வரை அந்தப் பதிவுதான் பேசும்.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர்க் கணக்குகளில் எல்லோருடைய பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சேர்ப்பார்கள். ஒரு பெயர்தான் முடியும் என்றால் ஆளுக்கு ஒரு பில்லாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பில் கட்டுவதற்காகக் கூட்டு வங்கிக் கணக்கு மட்டும் வேண்டாம். அதில் இருப்பவர்களின் கிரெடிட் பதிவுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். மாதச் செலவை ஸ்பிளிட்வைஸ் மாதிரி செயலியில் எழுதுங்கள். நண்பர்களுக்குள் கணக்கா என்று தயங்கிய வீடுகளில்தான் கடைசியில் முகம் பார்த்துப் பேசாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாடகைக்கும் இது பொருந்தும். நால்வரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் ஒருவர் கட்டாத பங்கை மற்ற மூவரிடமும் கேட்க ஓனருக்கு உரிமை உண்டு.

பழைய ஆளின் ப்ரீபெய்டு சாவியில் டாப்-அப் போடுவது

சில வீடுகளில் மீட்டருக்கு முன்கூட்டியே பணம் போட ஒரு சாவி இருக்கும். முன்னால் குடியிருந்தவர் விட்டுப்போன சாவியில் பணம் போடாதீர்கள். அவருடைய கடன் அந்தச் சாவியிலோ மீட்டரிலோ இருந்தால் நீங்கள் போடும் பணத்தில் கழியும். கம்பெனியைக் கூப்பிட்டு உங்கள் பெயருக்குப் புதிய சாவி அல்லது கார்டு வாங்குங்கள்.

தண்ணீருக்கு பில் வராது என்று நினைப்பது

வரும். மாணவர்களுக்கு விலக்கு இல்லை. கம்பெனியை மாற்றவும் முடியாது; இந்தப் பகுதிக்கு செவர்ன் ட்ரென்ட் என்றால் செவர்ன் ட்ரென்ட்தான்.

அறைக்கு ஒரு ஃபேன் ஹீட்டர்

2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய அரை பவுண்டு. யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் மின்சாரம் எரிவாயுவைவிடச் சுமார் நான்கு மடங்கு விலை. நான்கு அறையில் நான்கு ஹீட்டர் இரவு முழுவதும் ஓடினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். காலையும் மாலையும் நேரம் குறித்து, எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் பாய்லரை ஓட விடுங்கள். 'பில் உட்பட வாடகை' என்று எடுத்த வீட்டிலும் பெரும்பாலும் ஓர் உச்சவரம்பு இருக்கும். ஒப்பந்தத்தில் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

துணியை அறைக்குள் காயப்போட்டு ஜன்னலை மூடி வைப்பது

சுவரில் பூஞ்சை வரும். டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

டெபாசிட் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் இருப்பது

ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. மாணவர் வீடுகள் எல்லாம் அநேகமாக இந்த வரம்புக்குள்தான் வரும். கொடுத்த 30 நாளுக்குள் அரசு அனுமதித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிந்து, விவரத்தை உங்களிடம் தர வேண்டும். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். பதியாத ஓனர் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கட்ட நேரிடலாம்.

டிவி இல்லை, அதனால் லைசென்ஸ் வேண்டாம் என்பது

டிவி லைசென்ஸ் என்பது இங்கே டிவி பார்க்கக் கட்ட வேண்டிய கட்டணம். டிவிப் பெட்டி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. நேரலையாக எந்தச் சேனலைப் பார்த்தாலும், லேப்டாப்பில் பார்த்தாலும், லைசென்ஸ் வேண்டும். சன் டிவியை செயலியில் நேரலையாகப் பார்த்தாலும் அப்படியே. பிபிசி ஐபிளேயருக்கும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படம் பார்க்க மட்டும் என்றால் தேவையில்லை. அப்போது தேவையில்லை என்று இணையத்தில் தெரிவித்துவிடுங்கள். எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால் வீட்டுக்கு ஒன்று போதும். அறை அறையாகத் தனி ஒப்பந்தம் என்றால் அவரவருக்கு ஒன்று.

24 மாத இன்டர்நெட்

குடியிருக்கப் போவது 12 மாதம் என்றால் 12 மாதமே எடுங்கள்.

கவுன்சில் டாக்ஸ் நமக்கு இல்லை என்று நம்பி உட்கார்வது

நம் ஊரில் வீட்டு வரி ஓனர் பாடு. இங்கே நகராட்சி மாதிரியான கவுன்சில் வசூலிக்கும் கவுன்சில் டாக்ஸ் பெரும்பாலும் குடியிருப்பவர் பாடு. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் விலக்கு உண்டு, ஆனால் அது தானாக வராது. பல்கலைக்கழகத்திடம் மாணவர் சான்று வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொருவருடைய சான்றும் வேண்டும். பகுதிநேர வேலை பார்ப்பதால் விலக்கு போகாது. அறை அறையாகத் தனி ஒப்பந்தம் போட்ட வீடுகளில் பொதுவாக வரி ஓனருடையது. அதை ஒப்பந்தத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாணவர் அல்லாத ஒருவர் சேர்ந்தால் வீட்டுக்கு பில் வரும், 25 சதவீதத் தள்ளுபடியோடு. அதைக் கட்ட வேண்டியவர் அவர்தான், மாணவர்கள் அல்ல. அந்த ஒருவர் யார் என்பதில்தான் சிக்கல். ஒரு வருட முதுகலை முடித்துவிட்டு, படிப்புக்குப் பின் வேலை பார்க்க விடும் கிராஜுவேட் விசாவில் அதே அறையில் தங்குகிற அண்ணன்தான் பெரும்பாலும் அவர். படிப்பு முடியும் தேதி சான்றிலேயே அச்சடித்திருக்கும். பட்டமளிப்பு விழா எப்போது, ரிசல்ட் எப்போது என்பதெல்லாம் கணக்கில் வராது. அந்தத் தேதிக்கு அப்புறம் அவர் மாணவர் இல்லை. இரண்டு பேர் அப்படி ஆகிவிட்டால் தள்ளுபடியும் போகும்.

பில்லைத் தள்ளிப்போடுகிற இடம் இது இல்லை. தவணை தவறினால் நினைவூட்டல் வரும், ஏழு நாளில் கட்டாவிட்டால் வருடத்தின் மீதித் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்கலாம். அடுத்தது மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதன் செலவும் உங்கள் கணக்கில். அதனால் படிப்பு முடிவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்: யார் தங்கப்போகிறார், எந்தத் தேதியிலிருந்து, வரியை அவர் ஒருவரே கட்டுவாரா, அல்லது புதிதாக வரும் மாணவர்கள் வாடகையில் அவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்களா என்று. பேசி முடித்ததும் மாற்றத்தை கவுன்சிலுக்கு நீங்களே எழுதிவிடுங்கள்.